உலக வரலாற்றின் பெரிய திருப்பங்கள் எவை? தமிழ்நாடு-ஆந்திர எல்லைப்பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்

நகரி_நெசவு:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிப் புத்தகத்தில் தொடங்கி போட்டித் தேர்வுக் கையேடு வரைக்கும் உலக வரலாற்றின் திருப்புமுனை என்றால் ஒரே பட்டியல்தான். 1453 கான்ஸ்டாண்டிநோபிள், 1492 கொலம்பஸ், 1789 பிரெஞ்சுப் புரட்சி, 1914, 1917, 1945. ராஜா மாறினான், கொடி மாறியது, எல்லைக்கோடு மாறியது. இதில் சிலது நடந்த மறுநாள், அந்த ஊரிலேயே உழுதுகொண்டிருந்தவருக்கும் நூல் நூற்றுக்கொண்டிருந்தவருக்கும் ஒன்றும் மாறியிருக்காது.

என் அளவுகோல் இரண்டு. நடந்தபிறகு பழையபடி திரும்ப முடியாமல் போயிருக்க வேண்டும். சாதாரண ஜனத்தின் சோறு, துணி, வேலை, ஆயுள் இவற்றில் ஏதாவது ஒன்றையாவது தொட்டிருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் எனக்கு முதலிடம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பருத்தி எந்திரங்களுக்குத்தான். தறியோடு வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பழைய கைத்தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கட்டையை, அதாவது நாடாவை, ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். துணியின் அகலம் நெய்பவரின் கை எட்டும் தூரம்தான். அதற்கு மேல் அகலம் வேண்டுமென்றால் பக்கத்துக்கு ஒரு ஆள் உட்கார வேண்டும். 1733இல் ஜான் கே என்பவர் நாடா ஓடப் பாதை போட்டு, நடுவில் ஒரு கயிற்றைச் சுண்டினாலே அது தறியின் இந்த ஓரத்துப் பெட்டியிலிருந்து அந்த ஓரத்துப் பெட்டிக்கு ஓடும்படி செய்தார். நெசவு வேகமாயிற்று, நூல் போதவில்லை. அந்தத் தட்டுப்பாட்டில்தான் 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற நூற்பு எந்திரம், 1769இல் ஆர்க்ரைட்டின் நீர்விசை நூற்பு எந்திரம், 1779இல் கிராம்ப்டனின் மியூல் நூற்பு எந்திரம் எல்லாம் வந்தன. இப்போது நூல் மிஞ்சியது, நெய்ய ஆள் போதவில்லை. 1785இல் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உலகத்தை மாற்றவில்லை. ஒரு இடத்தில் முடிச்சை அவிழ்த்தால் அடுத்த இடத்தில் முடிச்சு விழுந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் இன்றைக்கும் விசைத்தறியில் அதே வேலை ஓடுகிறது. தார், அதாவது நாடாவுக்குள் இருக்கும் நூல்கட்டை, தீர்ந்தால் தறியை நிறுத்தி, நாடாவை வெளியே எடுத்து, வெறுங்கட்டையை உருவிவிட்டு நிறைதாரைச் செருகி, நூல் முனையை நாடாவின் கண் வழியே இழுத்து மறுபடி பெட்டியில் வைத்துக் கைப்பிடியைத் தட்டுவார்கள். கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். ஒருவரே நாலு தறி, ஆறு தறி பார்ப்பதால் அந்த வேகம் இல்லாவிட்டால் கூலி கட்டாது. மனிதன் எந்திரத்தின் வேகத்துக்கு ஓட வேண்டிய நிலை அன்று தொடங்கியதுதான்.

உங்கள் திருப்பத்தைச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் அதற்குத் தடயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டு மாநிலப் பாடநூலிலும் நம் ஊர்களுக்கு இடமில்லை. ஆனால் உலகத்தின் பெரிய திருப்பங்கள் பலவும் இந்த வழியாகத்தான் போயிருக்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன்.

சத்தியவேடு_வாத்தியார்:

தம்பி, அளவுகோல் சரி. தொடக்கம்தான் ரொம்பப் பிந்திவிட்டது.

எங்கள் மலையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிப் பக்கம் இறங்கினால் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே முறையாகத் தோண்டினார்கள். 2011இல் அவர்கள் வெளியிட்ட காலக்கணக்கு சராசரியாக 15 லட்சம் ஆண்டு, எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்கு மேல்.

இவ்வளவு பழைய தேதியை எப்படிச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கல் வெளியில் கிடக்கும்போது விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பட்டுப்பட்டு அதிலுள்ள குவார்ட்சில் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற அணுக்கள் உண்டாகும். கல் ஆழமாக மண்ணுக்குள் போய்விட்டால் புதிதாக உண்டாவது நின்றுவிடும், இருப்பது சிதையும். அலுமினியம் சீக்கிரம் குறையும், பெரிலியம் மெதுவாகக் குறையும். இரண்டுக்கும் மிஞ்சியிருக்கும் விகிதத்தைப் பார்த்தால் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். அதோடு அந்த மண்ணடுக்கில் பதிந்திருக்கும் பூமியின் காந்தத் திசையையும் சரிபார்த்தார்கள்.

பூண்டியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு கைக்கோடரியை நின்று நிதானமாகப் பாருங்கள். செந்நிறம் பாய்ந்த குவார்ட்சைட் கல், இருபுறமும் செதுக்கி நுனியைக் கூராக்கி, அடிப்பக்கத்தை உள்ளங்கைக்கு வாகாக விட்டிருப்பார்கள். ஒரு சில்லைப் பெயர்த்தால் ஒரு தழும்பு விழும், அந்தத் தழும்பின் விளிம்பில் அடித்தால்தான் அடுத்த சில்லு சரியாகப் பெயரும். அதாவது இரண்டாவது அடி எங்கே விழ வேண்டும் என்று யோசித்துத்தான் முதல் அடியை அடித்திருக்கிறார்கள். கல்லுக்குள் இல்லாத ஒரு வடிவத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு கையை அதற்குப் பழக்கிய அந்தத் திறமைக்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன் வாரிசுதான், உன் நாடாவும் தறியும் உட்பட.

அதே இடத்தில் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் கருவி செய்யும் முறையே மாறுகிறது. பெரிய கோடரி குறைந்து, முன்கூட்டித் தயார் செய்த கல்லிலிருந்து திட்டமிட்ட வடிவத்தில் சிறு சில்லுகளைப் பெயர்க்கும் முறை வருகிறது. 2018இல் இதை அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இன்றைய மனித இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்பு என்று சொல்லப்படும் மொராக்கோவின் ஜெபெல் இர்ஹூத் எலும்புகளே சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்காததால் அந்தக் கருவிகள் யார் கைவேலை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சுமத்ராவில் தோபா எரிமலை 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அதன் சாம்பல் அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் ஒத்த கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பெரிய வெடிப்பைத் தாண்டியும் இங்கே ஜனம் தாக்குப்பிடித்திருக்கிறது என்று வாதிடுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

குப்பம்_கொல்லை:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். கல்லு பெரிசுதான், ஒத்துக்கிறேன். ஆனா பழையபடி திரும்ப முடியாதுன்னு நகரி அண்ணா வச்ச அளவுகோலுக்கு விவசாயம் மாதிரி எதுவும் பொருந்தாது.

கிமு 10,000த்தை ஒட்டி மேற்காசியாவில ஆரம்பிச்சது. சீனாவில நெல்லும் தினையும், மெக்சிகோவில மக்காச்சோளம், பப்புவா நியூகினியில சேம்பு வகைங்க, ஆண்டிஸ்ல உருளைக்கிழங்குன்னு ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கத்துக்காம தனித்தனியா பல இடத்துல நடந்திருக்கு. தென்னிந்தியாவும் அதுல ஒரு இடம். கொள்ளு, பச்சைப்பயறு, சில சின்ன தானியங்க இங்கேயே பயிருக்கு வந்ததுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அனந்தபூர் மாவட்டத்துல பாலவாய்னு ஒரு ஊர்ல சாம்பல் மேடு இருக்கு. மாட்டுப்பட்டி போட்டு, சாணத்தை மலைபோலக் குவிச்சு கொளுத்தினதுல உருகி இறுகிப்போன மேடு. இந்த மாதிரி மேடுங்க கிமு 3000 வாக்கில இருந்து தெற்குத் தக்காணத்துல நிறைய இருக்கு. எதுக்குக் கொளுத்தினாங்கன்னு இன்னும் சண்டை நடக்குது. ஆனா ஒரு தலைமுறை ரெண்டு தலைமுறையில சேர்ற சாணம் இல்ல அது.

எங்க வீட்டுல தினமும் சங்கடி, அதான் களி, கிண்டற கேழ்வரகு எத்தியோப்பியா மலைப்பக்கத்துல இருந்து வந்தது. சோளமும் கம்பும்கூட ஆப்பிரிக்காதான். கொலம்பஸுக்கு மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே விதை கடல் தாண்டி வந்து நம்ம மேட்டுநிலத்துல குடியேறிடுச்சு. கொண்டுவந்தது ராஜாவும் இல்ல, தளபதியும் இல்ல.

விவசாயம் வந்ததால எல்லாம் நல்லதாச்சுன்னு நான் சொல்லல. பல ஊர்ல ஆதி விவசாயிங்க எலும்பைப் பார்த்தா, வேட்டையாடினவங்களை விட உயரம் குறைஞ்சு, பல்லு சொத்தையாகி, ரத்தசோகைத் தடம் இருக்கு. மாடு ஆடு கூடவே இருந்ததுல நோயும் கூட வந்தது. ஆனா பிள்ளைங்க அதிகம் பொறந்தாங்க. அத்தனை வாய்க்கும் காட்டுல பொறுக்கித் தின்னு பத்தாது. திரும்பிப் போற வழி அங்கதான் அடைபட்டுச்சு.

எழுத்தும் இதோட பிள்ளைதான். கிமு 3200 வாக்கில ஈராக்கோட உருக் நகரத்துல களிமண் பலகையில முதல்ல எழுதினது கவிதை இல்ல. எவ்வளவு பார்லி வந்தது, எத்தனை ஆடு, வேலையாளுக்கு எவ்வளவு பீர் அளந்தாங்கங்கிற கணக்கு. களஞ்சியம் நிறைஞ்ச இடத்துல கணக்கப்பிள்ளை வந்தார், அவர் பின்னாலேயே வரி வந்தது.

சூளூர்ப்பேட்டை_தென்றல்:

இரும்பை யாருமே சொல்லவில்லையே? 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் தூத்துக்குடிப் பக்கம் சிவகளையில் கிடைத்த இரும்புக்கு கிமு 3345 வரை தேதி போட்டிருக்கிறார்கள். அது நிலைத்தால் உலக வரலாற்றுப் புத்தகத்தையே திருத்த வேண்டுமே ஐயா.

சத்தியவேடு_வாத்தியார்:

நிலைக்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் இன்னும் பல இடங்களில் இதே காலத்து இரும்பு கிடைத்து, உருக்கிய உலைகளும் கசடும் அதே தேதியைக் காட்டினால்தான் உலக அறிஞர்கள் ஒத்துக்கொள்வார்கள். இரும்பின் பெருமை அதன் முதல் தேதியில் இல்லை தம்பி. செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் தூரதேசத்து வணிகம் வேண்டும், அரண்மனைக்குத்தான் கட்டுப்படியாகும். இரும்புத் தாது ஊருக்கு ஊர் உண்டு. காட்டை வெட்டிக் கழனியாக்கும் கோடரி குடியானவன் கைக்கு வந்தது அப்போதுதான்.

தடா_ஏரிக்கரை:

நகரி தம்பி அந்தப் பழைய பட்டியலையே தள்ளிவிட்டார். 1492ஐ மட்டும் நான் தள்ள விடமாட்டேன். கொலம்பஸ் என்ற ஆளுக்காகச் சொல்லவில்லை. பன்னிரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாமல் தனித்தனியாகக் கிடந்த இரண்டு நிலப்பகுதிகள் ஒன்றாகிவிட்டன. அதன் விளைவு நம் ஏரிக்கரை வரைக்கும் வந்தது.

முதலில் அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரியம்மையும் தட்டம்மையும் அந்த ஜனம் அறியாத நோய்கள். 1520இல் அஸ்டெக் தலைநகரத்துக்குள் பெரியம்மை நுழைந்தது, 1521இல் நகரம் விழுந்தது. அடுத்த நூறாண்டில் அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் அழிந்துபோனார்கள் என்று கணக்கிடும் அறிஞர்கள் பலர். மனித வரலாற்றில் இதற்கு நிகரான சாவு அபூர்வம். குறைந்துபோன கைகளுக்குப் பதிலாகத்தான் ஆப்பிரிக்காவிலிருந்து 1.2 கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோனார்கள்.

1545இல் இன்றைய பொலிவியாவில் பொதோசி என்ற வெள்ளி மலையைக் கண்டார்கள். ஊர் ஊராக முறைவைத்துக் கட்டாய வேலைக்கு ஆள் பிடித்து அந்த மலையைக் குடைந்தார்கள். அந்த வெள்ளியில் பெரும்பங்கு சீனாவுக்கும் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. ஐரோப்பியரிடம் நமக்கு வேண்டிய சரக்கு பெரிதாக இல்லை, வெள்ளியைக் கொட்டித்தான் துணி வாங்க வேண்டியிருந்தது.

இப்போது பழவேற்காடு. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் இங்கே இறங்கியது, 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான், 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரைக்கும். இங்கே எதற்கு வந்தார்கள்? கிழக்கே இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டும். அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியை விரும்பி வாங்கினார்கள். நம் சுற்றுவட்டாரத்துத் தறியில் இறங்கிய துணியைக் கொடுத்து அங்கே ஜாதிக்காய் வாங்கி ஆம்ஸ்டர்டாமில் விற்றார்கள்.

அதில் ரத்தமும் இருக்கிறது. ஜாதிக்காய் விளைந்த பாண்டா தீவுகளை 1621இல் டச்சுக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சோன் கூன் படையெடுத்துப் பிடித்தான். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவில்தான் மிஞ்சினார்கள் என்கிறார்கள். காலியான தோட்டங்களில் வேலைக்கு அடிமைகளைக் கொண்டுபோனார்கள். அவர்களில் நம் கரையிலிருந்து போனவர்களும் உண்டு. பஞ்ச காலத்தில் தன்னையும் பிள்ளையையும் விற்றுக்கொண்டவர்களைப் பழவேற்காட்டுத் துறையிலிருந்து கப்பலேற்றினார்கள். டச்சுக் கல்லறைக்குப் போகிறவர்கள் வாசலில் இருபுறமும் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே கல்லில் பூவேலையோடு பெயர் வெட்டியிருப்பது கம்பெனிக்காரர்களுக்கு. கப்பலேறிய நம் ஜனத்துக்கு ஒரு கல்கூட இல்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

இன்னொன்று. ஏரியின் வடகோடியில் துர்கராஜபட்டணம். 1626இல் ஆங்கிலேயர்கள் அங்கே ஆர்மகான் என்ற பெயரில் கோட்டையோடு ஒரு பண்டகசாலை வைத்தார்கள். நல்ல துணி போதுமான அளவு கிடைக்கவில்லை, பக்கத்திலேயே டச்சுக்காரர். ஆங்கிலக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போய் 1639இல் அந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் மதராசப்பட்டணத்தை வாங்கினார். அவருக்கு மேலிருந்த விஜயநகர வம்சம் அப்போது சந்திரகிரியிலும் வேலூரிலும் ஒடுங்கிக் கிடந்தது. ஆர்மகானில் துணி நன்றாகக் கிடைத்திருந்தால் சென்னை இன்று இருக்கும் இடத்தில் இருந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

சாப்பாட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிளகாய், தக்காளி, வேர்க்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாமே அந்தக் கரையிலிருந்து வந்தவை. மதனப்பள்ளித் தக்காளி மண்டியும் குண்டூர் மிளகாய் மண்டியும் 1492 இல்லாமல் கிடையாது.

நகரி_நெசவு:

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் சொன்னதில் என் கதைக்கும் வேர் இருக்கிறது.

நம் துணி அவ்வளவு நன்றாக இருந்தும் எந்திரம் ஏன் இங்கே பிறக்காமல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தது என்று கேட்டால், நம்மவர்களுக்கு மூளை இல்லை என்றோ அவர்களுக்கு அதிகம் என்றோ சொல்வது அபத்தம். இந்திய அச்சுத்துணி அங்கே அவ்வளவு விற்றதால் உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலகம் செய்தார்கள். 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1721 சட்டப்படி அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தினாலே குற்றம். அந்தப் பாதுகாப்புக்குள்தான் அவர்களுடைய பருத்தித் தொழில் வளர்ந்தது. இங்கிலாந்தில் கூலி அதிகம், நிலக்கரி மலிவு. அதனால் ஆளைக் குறைக்கும் எந்திரத்துக்குப் போட்ட காசு திரும்பி வந்தது. கூலி குறைந்த ஊரில் அதே எந்திரம் நஷ்டம்தான். கச்சாப் பஞ்சு அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. 1793இல் விட்னியின் பஞ்சு கடையும் எந்திரம் வந்தபிறகு அந்த அடிமைத்தனம் குறையவில்லை, பலமடங்கு பெருகியது.

இங்கே முதலில் அடிபட்டது தறிக்காரர்கூட இல்லை, ராட்டை சுற்றிய பெண்கள். ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டைகள் ஓடியாக வேண்டும். மில் நூல் மலிவாக வந்து இறங்கியதும் நெசவாளர் அதை வாங்கி நெய்து ஒருவழியாகப் பிழைத்தார். கைம்பெண்களும் கிழவிகளும் வீட்டோடு இருந்து சம்பாதித்த ஒரே காசு நின்றுபோயிற்று. எந்த ஊர் வரலாற்றிலும் அவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

திருப்பதி_செவிலி:

ஆயுள் என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டு அதைப் பற்றி யாரும் பேசவில்லையே அண்ணா.

பிரசவ வார்டில் வேலை செய்கிறேன். எனக்கு உலகம் திரும்பிய வருஷம் 1847. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் தாய்மார் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் சாவு குறைவு. அங்கே டாக்டராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் காரணம் தேடினார். பிரேதப் பரிசோதனையில் கத்தி பட்டு அவருடைய நண்பர் ஒருவர் இறந்தார். அவர் உடம்பிலும் அந்தத் தாய்மார் உடம்பிலும் ஒரே அறிகுறி. பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று புரிந்தது. குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். 1847 ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2.2 சதவீதமாகிவிட்டது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. எங்கள் கையா கொன்றது என்ற கோபம். அவர் 1865இல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். நோய்க்குக் கிருமியே காரணம் என்ற கொள்கை நிலைபெற்றது அதற்கப்புறம்தான்.

இன்றைக்கும் எங்கள் வார்டில் தொட்டியடியில் கை கழுவும் முறைப் படம் ஒட்டியிருக்கும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசையாக. புதிதாக வரும் பிள்ளைகள் கட்டைவிரலை விட்டுவிடுவார்கள். அதை நான் விடவே மாட்டேன்.

பெரியம்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரை அக்கா சொன்ன அதே நோய்தான். 1796இல் ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு தடுப்பு கண்டார். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ற நோய் அது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல், உலகில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில். 1980 மே மாதம் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். எல்லாருக்கும் ஊசி போட்டு முடிக்கவில்லை. ஒரு வீட்டில் கண்டால் அவரைச் சுற்றியிருப்பவர்களை மட்டும் தேடித்தேடிப் போட்டு வளையம் கட்டினார்கள். இரண்டு முனை ஊசியைத் தடுப்பு மருந்தில் தோய்த்துத் தோளில் பதினைந்து குத்து. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சீக்கிரம் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதளவில். இன்று 70ஐ ஒட்டி இருக்கிறது. இதைவிடப் பெரிய திருப்பம் எதுவென்று காட்டுங்கள்.

சித்தூர்_மாங்கொல்லை:

அரசியலை ஒரேயடியாக ஒதுக்குகிறீர்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அக்கா, அந்தத் தடுப்பூசி இலவசமாக வீடு தேடி வந்தது ஒரு அரசு இருந்ததால். அந்த அரசு ஜனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை போராடிப் பெற்றது.

1782 டிசம்பரில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி எங்கள் சித்தூர்ப் பக்கம் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறந்தார். உள்ளூரில் அதைத் தனிக்கதையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் ஆங்கிலக் கம்பெனியோடு போட்ட சண்டை உலகச் சண்டையின் ஒரு கிளை. அமெரிக்கர் பிரிட்டனை எதிர்த்தார்கள், 1778இல் பிரான்சு அவர்களோடு சேர்ந்தது, பதிலுக்குப் பிரிட்டன் இங்கே பிரெஞ்சுக்காரரின் மாஹே துறைமுகத்தை 1779இல் பிடித்தது. ஹைதர் தனக்கு ஆயுதம் வரும் துறைமுகம் போனதென்று 1780இல் கர்நாடகம் என்று அப்போது அழைக்கப்பட்ட நம் கிழக்குச் சமவெளிக்குள் இறங்கினார். காஞ்சிபுரத்துப் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. அமெரிக்காவில் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலி என்றே பெயர் வைத்தார்கள். 1782 ஏப்ரலில் டெலாவேர் வளைகுடாவில் அது ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது.

ஆனாலும் அந்தக் காலத்துப் புரட்சிகளில் நான் முதலில் வைப்பது அமெரிக்கப் புரட்சியும் இல்லை, பிரெஞ்சுப் புரட்சியும் இல்லை. கரீபியன் கடலில் பிரான்சின் காலனியாக இருந்த ஹைத்தி. 1791இல் கரும்புத் தோட்டத்து அடிமைகள் எழுந்தார்கள், நெப்போலியன் அனுப்பிய படையைத் தோற்கடித்தார்கள், 1804 ஜனவரி 1இல் தனிநாடு அறிவித்தார்கள். எல்லா மனிதரும் சமம் என்று பாரீசில் எழுதியதை வார்த்தைக்கு வார்த்தை நிஜமாக்கியவர்கள் அவர்கள்தான். அதற்குத் தண்டனையாக 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்கு நஷ்டஈடு கேட்டது பிரான்சு. எஜமானர்கள் இழந்த "சொத்துக்கு" அடிமையாக இருந்தவர்களே காசு கட்ட வேண்டும் என்றார்கள். அந்தக் கடனைத் தீர்க்க ஹைத்திக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நம் பாடப்புத்தகத்தில் அந்த நாட்டுக்கு இடம் வேண்டும்.

சூளூர்ப்பேட்டை_தென்றல்:

பொள்ளிலூரைச் சொன்னதால் தொடர்கிறேன். மைசூர்ப் படை இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்டுகளை விட்டது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவை லண்டனுக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் தன் ராக்கெட்டைச் செய்தார். வெகுகாலம் கழித்து இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் வி-2. அது பாதாளத் தொழிற்சாலையில் கைதிகளைச் சாகடித்துச் செய்த ராக்கெட். பிறகு 1957 அக்டோபர் 4, முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக், 83.6 கிலோ.

ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஆய்வு ராக்கெட் 1971 அக்டோபரில் கிளம்பியது. 1980 ஜூலை 18இல் எஸ்எல்வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யானாதிப் பழங்குடி ஜனம் இடம்பெயர்க்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதை எழுத வேண்டும்.

நிலவுக்குப் போனதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மேலிருந்து கீழே பார்க்க முடிந்தது. 1977 நவம்பரில் கிருஷ்ணா நதி கடலில் சேரும் திவிசீமையில் புயலலை ஏறி 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் அதே அளவுக்குக் கடுமையாக வந்தது. ஒடிசாவிலும் வட ஆந்திரக் கரையிலும் சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள், இறந்தவர்கள் ஐம்பதுக்குள். செயற்கைக்கோள் படம், ரேடார், புயல் பாதுகாப்புக் கட்டடம், ஊர் ஊராகத் தண்டோரா எல்லாம் சேர்ந்த பலன். என் வீட்டு ஜன்னல் ஒவ்வொரு ஏவுதலுக்கும் அதிரும்போது எனக்கு அந்த இரண்டு எண்களும்தான் ஞாபகம் வரும்.

குப்பம்_கொல்லை:

எல்லாரும் சொன்னதைப் படிச்சேன். செவிலி அக்கா ஆயுள்னு சொன்னாங்க. அந்த ஆயுசுக்குச் சோறு எங்கிருந்து வந்ததுன்னு நான் கேக்கறேன்.

என் ஓட்டு 1913க்கு. காத்துல நாலுல மூணு பங்கு நைட்ரஜன், ஆனா பயிரால அதை நேரா எடுத்துக்க முடியாது. அவரை, கடலை மாதிரிச் செடிங்க வேருல இருக்கிற நுண்ணுயிரும் மின்னலும் பிடிச்சுத் தர்றதுதான். பெரு நாட்டுக் கடற்பறவை எச்சத்தையும் சிலி நாட்டு வெடியுப்பையும் கப்பல் கப்பலா ஐரோப்பாக்காரங்க அள்ளினாங்க, அதுவும் தீர்ற மாதிரி இருந்தது. 1909இல ஃபிரிட்ஸ் ஹேபர் கடும் அழுத்தத்திலயும் சூட்டுலயும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியா செஞ்சு காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913இல ஜெர்மனியோட ஓப்பாவில ஆலை ஓட ஆரம்பிச்சது. இன்னைக்கு உலக ஜனத்துல ஏறக்குறையப் பாதிப்பேர் சாப்பாடு அந்த வழியில வர்ற உரத்தை நம்பித்தான் இருக்கு.

அதே அமோனியாதான் முதல் உலகப்போர்ல ஜெர்மனிக்கு வெடிமருந்து தந்தது. அதே ஹேபர்தான் 1915 ஏப்ரல்ல பெல்ஜியத்தோட ஈப்பர்ல குளோரின் விஷவாயுவை முன்னாடி நின்னு திறக்க வச்சார். ஒரே ஆளோட கையில ரெண்டும்.

எங்க நிலத்துல யூரியா போட்டா ராகிப் பயிர் ஒரு வாரத்துல கரும்பச்சையா எழும்பும். கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும். கூடிப்போச்சுன்னா தண்டு இளசாகி முதல் காத்துலயே சாஞ்சிடும். கிணத்துத் தண்ணியில நைட்ரேட் ஏறுது. மழையில அடிச்சுக்கிட்டுப் போறது ஏரி குளமெல்லாம் பாசியாகுது. இதை விட்டுடலாம்னா பாதி உலகம் பட்டினி. நகரி அண்ணா கேட்ட திரும்ப முடியாதது இதுதான்.

தடா_ஏரிக்கரை:

குப்பம் தம்பி, அந்தப் பறவை எச்சத் தீவுகளைப் பற்றி ஒரு வரி சேர்க்கணும். பெருவின் சிஞ்சா தீவுகளில் அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்டவர்கள். 1830களில் பிரிட்டிஷ் நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தபிறகு தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது வந்த முறை அது. சென்னைத் துறைமுகம் வழியாக நம் வடஆர்க்காட்டு ஜனமும் மொரிஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் அதே முறையில்தான் போனார்கள். சித்தூர் அப்போது வடஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம். அந்தக் கப்பல்களின் ஆள் பட்டியல்களில் ஊர், தாலுகா, சாதி, வயது, உடம்பிலுள்ள மச்சம் வரைக்கும் எழுதியிருப்பார்கள். அடுத்து அதைப் பற்றி எழுதுகிறேன், உங்கள் குடும்பங்களில் கடல் தாண்டிப் போனவர்கள் பற்றிக் கேள்விப்பட்டது இருந்தால் இங்கேயே போடுங்கள்.